பால் ஆகாத வீடு

வடகோட்டகம்
19.8.1973

தங்கம்மாள் அண்ணிக்கு அம்சம் எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. போன வருஷம் கனியமுதைப் புதைத்த மறுநாள் நீங்கள் பட்டுக்கோட்டை பஸ் ஏறிப் போனீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இனியும் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு இது ஏழாம் மாசம். அதனால் எழுதுகிறேன்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். முதல் பிள்ளை எங்கே என்றார். ஐந்தாம் மாசத்தில் செத்துப்போச்சு என்றேன். எதனால் என்றார். பால் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் செத்தது என்றேன். உன் பாலா, மாட்டுப் பாலா என்று கேட்டார். மாட்டுப் பால் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உதடு வீங்கியதா, உடம்பெல்லாம் தடிப்பு வந்ததா, மூச்சு இழுத்ததா என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அதற்கு முன்னால் எப்போதாவது மாட்டுப் பால் பட்டதா என்றார். நான் நடவுக்குப் போயிருந்த ஒரு நாள் பக்கத்து வீட்டில் நாக்கில் இரண்டு சொட்டு வைத்தார்கள், கன்னம் தடித்தது, எறும்புக் கடி என்று தேங்காயெண்ணெய் தடவினோம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்குத் திட்டியிருக்கலாம்.

சில கைக்குழந்தைகளுக்கு மாட்டுப் பால் விஷம் மாதிரியாம். எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட உடம்பு குடும்பத்தில் வருமாம். இரண்டு பக்கமும் விசாரித்து வா, மூச்சிழுப்பு உள்ளவர், கரப்பான் படை உள்ளவர், காரணம் தெரியாமல் போன குழந்தை, ஒன்று விடாமல் கேட்டு வா என்றார். அதைத் தெரிந்துகொண்டால் வரப்போகிற பிள்ளையை எப்படிக் காப்பது என்று சொல்வாராம்.

என் பக்கம் என் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஒன்றும் இல்லை. உங்கள் தம்பியிடம் கேட்டேன். நான் கடைசிப் பிள்ளை, எனக்கு என்ன தெரியும், அக்காவைக் கேள் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் அம்மா பெற்றதில் எத்தனை தங்கவில்லை? உங்களுக்கு முதலில் ஒரு ஆண்பிள்ளை பிறந்து தவறியதாகக் கேள்வி. அது எப்படித் தவறியது? இந்த இரண்டுக்கும் பதில் எழுதினால் போதும். உறவு கொண்டாட வரவில்லை.

அம்சம்

பட்டுக்கோட்டை
2.9.1973

முருகன் துணை.

என் தம்பி மருதையனின் மனைவி அம்சத்துக்குத் தங்கம்மாள் எழுதிக்கொண்டது. நீ பிள்ளை உண்டாகியிருக்கும் செய்தி அறிந்து மிக்க சந்தோஷம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க முருகன் அருள்வான்.

நீ கேட்டிருக்கும் விஷயங்களுக்கு இடமே இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்த நோயும் கிடையாது. எங்கள் தாயார் ராமாயி வீட்டுக்குள் பால் வரக்கூடாது என்று வைத்திருந்தது அங்காளம்மனுக்குப் பாலை நேர்ந்து விட்டதால். உனக்கே தெரியும். நேர்ந்ததைத் தொட்டால் அம்மன் விடமாட்டாள். நீங்கள் இருவரும் கூட்டம், கொடி என்று போய் விளக்கு ஏற்றுவதையே நிறுத்தினீர்கள். பெற்ற பிள்ளைக்கு மேடையில் பெயர் வைத்தீர்கள். அதன் பலன் எங்கே வந்து விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானே தினமும் இரண்டு வேளை பால் விட்ட டீதான் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது?

என் மகள் அஞ்சம்மாளுக்கு முத்துப்பேட்டை வீரையனை நிச்சயம் செய்தாகிவிட்டது. தையில் கல்யாணம். அவர்களுக்குப் பால் வியாபாரம், ஏழு கறவை, ஊரில் பாதி டீக்கடைக்கு அவர்கள் பால்தான். அப்படிப்பட்ட இடத்தில் சம்பந்தம் வைக்கும்போது பால் விஷம், குடும்ப நோய் என்றெல்லாம் கடிதத்தில் எழுதலாமா? நீ இன்லண்ட் கடிதத்தைச் சரியாக ஒட்டவில்லை. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இனி எழுதினால் ஒட்டி அனுப்பு. எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தங்கம்மாள்

வடகோட்டகம்
20.9.1973

அண்ணிக்கு,

நோய் கிடையாது என்று எழுதிவிட்டீர்கள். சரி. அன்று நடந்ததை நான் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை.

பண்ணைக்குச் சொந்தமான மனையில் நாற்பது வருஷம் குடியிருந்த குடும்பம் உங்களுடையது. போ என்றால் கூரையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். பண்ணையாள் வாசலில் கறவை கட்டினால் அவிழ்த்துக்கொண்டு போவார்கள். அந்த மனைக்கு சர்க்கார் பட்டா கொடுத்தது. பட்டாவை வாங்கிக்கொண்டு வந்த அன்று உங்கள் தம்பி, சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்றார். அதே குடிசைதான், அதே கூரைதான். ஆனாலும் அன்றுதான் அது எங்கள் வீடு. நம் வாசலில் நம் மாடு நின்று, நம் அடுப்பில் பால் பொங்குவதைத் தெரு பார்க்கட்டும் என்றார். வீரையன் வீட்டுச் செவலைப் பசுவை வாங்கி ஓட்டிவந்தார். நீங்கள் அப்போதுதான் அந்த வீட்டில் சம்பந்தம் பேச ஆரம்பித்திருந்தீர்கள். பால் காய்ச்ச அவர்களும் வந்தார்கள், நீங்களும் அஞ்சம்மாளும் வந்தீர்கள்.

பால் பொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் கொடுத்தேன். வீரையனின் அம்மா, "எங்க மாட்டுப் பாலு, சின்னக்குட்டிக்கும் குடும்மா" என்றார். நான் ஆறவைத்துப் பாலாடைச் சங்கில் எடுத்தேன். பாயில் உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்தீர்கள். "அம்சம்" என்றீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கை என் பக்கம் நீண்டிருந்தது. பிறகு நீங்கள் வீரையனின் அம்மா முகத்தைப் பார்த்தீர்கள். கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஏதோ டம்ளர் கேட்கிறார் என்று நினைத்து நான் ஊட்டினேன்.

பாலாடை காலியாகவில்லை, அதற்குள் உதடு தடித்தது. கண் மூடிக்கொள்கிற மாதிரி இமை வீங்கியது. மூச்சு விசில் மாதிரி வந்தது. மாட்டு வண்டி பூட்டிப் போனோம். கோரையாற்றுப் பாலம் தாண்டவில்லை, மடியில் பிள்ளையின் கனம் மாறிவிட்டது. அது எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று எழுதாதீர்கள்.

அந்தக் கை எதற்கு நீண்டது அண்ணி? ஒரு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோறு வடிக்கும்போது பார்க்கிறேன், நாற்று முடி பிரிக்கும்போது பார்க்கிறேன்.

உங்கள் தம்பி இப்போது திருச்சி ஜெயிலில் இருக்கிறார். குறுவை அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டோம். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. வரப்பில் மறித்த பதினேழு பேரைப் பிடித்துப் போய்விட்டார்கள். இங்கே நானும் என் வயிறும்தான்.

பத்து நாளில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் பதில் வரவில்லையென்றால் முத்துப்பேட்டைக்குப் போவேன். வீரையன் வீட்டு வாசலில் நின்று, தங்கம்மாள் அண்ணி அன்றைக்கு எதற்கு எழுந்தார் என்று அவர்களையே கேட்பேன். இந்தத் தடவை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

அம்சம்

பட்டுக்கோட்டை
26.9.1973

அம்சம்,

நீ முத்துப்பேட்டை போனால் அஞ்சம்மாள் கிணற்றில்தான் விழுவாள். அவளுக்கு அப்பா இல்லை. தேங்காய்க் களத்தில் மட்டை உரித்து நான் வளர்த்த பெண். இதற்கு முன் மூன்று இடம் வந்து தட்டிப் போயிற்று. ஒவ்வொரு கார்த்திகையிலும் அவளுக்கு வருகிற இழுப்பை யாரோ சொல்லிவிட்டார்கள். இது நாலாவது இடம். இனி ஒரு இடம் வராது.

என்னைக் குற்றவாளி மாதிரி கேட்கிறாயே, எங்கள் அம்மா உன்னிடம் சொல்லவில்லையா? கனியமுது உன் வயிற்றில் இருந்தபோது, நானும் பக்கத்தில் இருந்தேன், "நம்ம வீட்டுக் கைப்புள்ளைக்கு மாட்டுப்பாலு ஆகாது அம்சம், மறந்துடாத" என்று சொன்னாள். நீ என்ன சொன்னாய்? "பண்ணையாரு குடிக்கக் கூடாதுன்னாரு, நீங்க அதையே ஆகாதுன்னு சொல்லிப் பழகிட்டீங்க" என்று சிரித்தாய். என் தம்பியும் சேர்ந்து சிரித்தான். அம்மா முகம் சுண்டிப்போய் எழுந்து போனாள். அந்த மாதமே அவள் காலம் முடிந்தது.

பாலாடை யார் கையில் இருந்தது? என் கையிலா?

இதற்குமேல் எனக்கு எழுதாதே.

தங்கம்மாள்

வடகோட்டகம்
27.11.1973

அண்ணிக்கு,

பாலாடை என் கையில்தான் இருந்தது. நான் மறந்தால்தானே நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஆனால் கோபத்தில் நீங்கள் எனக்குப் பதில் எழுதிவிட்டீர்கள். உங்கள் அம்மா சொன்னதையும் அஞ்சம்மாளின் இழுப்பையும் உங்கள் கையாலேயே எழுதியிருந்தீர்கள். கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இதைத்தான் கேட்டேன்" என்றார். என் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதினார். தாய்ப்பால் மட்டும், வேறு ஒரு சொட்டுக் கூடாது, வெளிப் பால் கொடுக்கிற காலம் வரும்போது இங்கே தூக்கிவந்து என் கண் முன்னால் கொடு, வளர வளரப் பல பிள்ளைகளுக்கு விட்டுவிடும், கைக்குழந்தையில்தான் பயம் என்றார்.

நீங்கள் பால் டீ குடித்து ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். அம்மன் இல்லை.

போன வாரம் ஆண்பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் எனக்குப் பால் சரியாக வரவில்லை. பிள்ளை வீறிட்டுக் கத்தியது. அடுத்த கட்டில்காரி நல்ல மனசுக்காரி. தன் டம்ளரில் இருந்த பாலை விரலில் தொட்டுக்கொண்டு பிள்ளை வாய்க்குக் கொண்டுவந்தாள். அவள் கையைத் தட்டினேன். டம்ளர் உருண்டு போயிற்று. அவள் வீடு போகிறவரை என்னோடு பேசவில்லை. கையைத் தட்டிவிடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை அண்ணி. இமை மூடித் திறக்கிற நேரம்தான்.

உங்கள் அம்மா சொன்னதற்குச் சிரித்தேன், உண்மை. அதற்கு முன்னால் ஏன் ஆகாது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். சாமிக்கு நேர்ந்தது என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னீர்கள். நாங்கள் சாமியை விட்டவர்கள், பண்ணைக்குப் பயந்து சொன்ன கதை என்று நினைத்தோம். செத்த பிள்ளை ஒன்றின் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தப் பசு எங்கள் தெருவுக்கே வந்திருக்காது.

உங்கள் தம்பி ஜாமீனில் வந்துவிட்டார். பிள்ளைக்கு மேடையில் பெயர் வைக்கவில்லை. உங்கள் அப்பா பெயர், இளையபெருமாள்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். முத்துப்பேட்டைக்கும் போகமாட்டேன், பயப்படாதீர்கள். அஞ்சம்மாளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அவள் புகுந்த வீட்டுக்குப் போகிறதற்கு முன்னால் சொல்லுங்கள்.

அம்சம்

பட்டுக்கோட்டை
12.6.1975

முருகன் துணை.

அம்சத்துக்கு,

அஞ்சம்மாளிடம் நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் சொல்ல வாய் வரவில்லை. வளைகாப்பிலும் வரவில்லை. மாசியில் என் வீட்டில்தான் பெற்றாள். பெண் குழந்தை. மூன்று மாதம் என் கண் முன்னால் தாய்ப்பால் மட்டும் குடித்தது. கன்னத்திலும் முழங்கையிலும் கரப்பான் பூத்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் என் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதத்தை ஓட்டினேன். அதற்குள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

இப்போது முத்துப்பேட்டையிலிருந்து ஆள் வந்து சொல்கிறது. வருகிற இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பால்சோறு ஊட்டுகிறார்களாம். அவர்கள் வீட்டில் முதல் பேத்தி, அவர்கள் மாட்டுப் பாலில்தான் முதல் வாய் என்று வீரையனின் அம்மா ஊரை அழைத்திருக்கிறாராம்.

நீ இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி ஏழாம் மாதம் போனான். அம்மா களத்தில் நெல் போரடிக்கப் போயிருந்தாள். பண்ணை வீட்டம்மா இரக்கப்பட்டுக் கொடுத்த பாலை நான்தான் ஊட்டினேன். எனக்கு வயது ஆறு. அதற்கு அடுத்தது ஒரு பெண், அதற்கும் அப்படியே. பிறகு என் மூத்த மகன் கோவிந்தராசு, நாலாம் மாதம். மூன்றுக்கும் உதடு தடித்துத்தான் ஆரம்பித்தது. மூன்றாவது போன பிறகுதான் அம்மா அம்மன் பெயரைச் சொல்லி வாசலை அடைத்தாள். வம்சத்தில் நோய் என்று வெளியே தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள், யார் எடுப்பார்கள்?

அன்று நான் எழுந்தது அதற்குத்தான். உட்கார்ந்தது அஞ்சம்மாளுக்காக. என் மகள் வாழ வேண்டும் என்று உன் மகளை நான்... இதை முடித்து எழுத எனக்கு வலு இல்லை.

நான் போய்ச் சொன்னால் ஏன் மறைத்தாய் என்பார்கள். நீ போ அம்சம். உன் பிள்ளைக்கு வந்தது, டாக்டர் சொன்னார் என்று சொல். என் பெயர் வராமல் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கம்மாள்

முத்துப்பேட்டை
18.6.1975

அண்ணிக்கு,

பஸ் நிற்கிற இடத்தில், கலந்தர் பாய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா அவருடையது. அஞ்சம்மாள் பக்கத்தில் முந்தானையால் மூடிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை உயிரோடு இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

காலையில் இளையபெருமாளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீரையன் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் அந்தச் செவலைப் பசு நிற்கிறது. கனியமுது போன பிறகு நாங்கள் திருப்பி ஓட்டிவிட்ட அதே மாடு. இப்போது இரண்டு கன்று போட்டுவிட்டதாம். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

உங்கள் பெயர் வராமல்தான் ஆரம்பித்தேன். என் பெண் இப்படிப் போனாள், டாக்டரம்மா இப்படிச் சொன்னார், இவனுக்கு ஒரு வயசு முடிந்து ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் முதல் கரண்டி கொடுத்தேன், இந்தக் குழந்தைக்கும் கரப்பான் இருக்கிறது, ஊட்டாதீர்கள் என்றேன். வீரையனின் அம்மா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க பாலைக் குடிச்சுத்தான் இந்த ஊரே வளருது. ஒங்க கைக்கு ராசி இல்லன்னா மாடு என்ன பண்ணும்?" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. உங்கள் அம்மா முன்னால் நான் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு எதிரே ஆகாது என்ற ஒரு வார்த்தை நிற்காது. செத்த பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணினால்தான் நிற்கும். மடியிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தேன். வீரையனும் அவன் அம்மாவும் அஞ்சம்மாளும் கேட்க, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தேன். நீங்கள் முடிக்காமல் விட்ட வரியையும் முடிக்காமலே படித்தேன்.

சிரிப்பு நின்றது. பால்சோறும் நின்றது. "மூணு சாவ மறைச்சுக் கட்டிக் குடுத்திருக்கா. ஒங்க அண்ணி பொண்ணு அவ ஆத்தா வீட்டுலயே இருக்கட்டும்" என்று அந்த அம்மா பிள்ளைத் துணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தார். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுதான் நடந்தது. பயந்தபடியே நடந்தது, பிள்ளை மட்டும் மிஞ்சியது. வீரையன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடை வரைக்கும் வந்தான். அடுத்த மாசம் வருகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். வருவானோ என்னவோ.

எனக்குச் சந்தோஷம் இல்லை. உங்களைப் பழிவாங்கினேன் என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று இரண்டு வருஷம் நினைத்திருக்கிறேன். இன்று அதற்காகப் படிக்கவில்லை. ஆனால் படிக்கும்போது நெஞ்சில் ஒரு ஓரம் ஆறியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைத்தது போதும்.

அஞ்சம்மாள் இவ்வளவு நேரம் அழவில்லை. இப்போதுதான் ஒன்று கேட்டாள். "அத்தே, ஒங்க வீட்டுல பால் காய்ச்சுன அன்னிக்கு அம்மா எந்திரிச்சிச்சே, எனக்காகத்தான் உக்காந்துச்சா?" என்றாள். உன் அம்மாவையே கேள் என்றேன். அது என்னைக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நான் கூட வரவில்லை. எனக்கு வடகோட்டகம் போக வேண்டும், நாற்றங்கால் வேலை கிடக்கிறது. இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டவில்லை. வழியில் படித்தாலும் படிக்கட்டும்.

இதை உங்களிடம் நீட்டிவிட்டு அவள் பிள்ளையோடு வாசலில் நிற்பாள். நான் கேட்டபோது இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டீர்கள். அவள் வாசல் தாண்டுவதற்குள் பதில் சொல்லிவிடுங்கள்.

அம்சம்